பதிவேட்டில் ஏறிய தண்ணீர்

படுக்கையறைக் கூரை பெயர்ந்து விழுந்தால் ஒரு மனுஷி முதலில் என்ன செய்வாள்? ஐயோ என்பாள், மேல் வீட்டுக்காரனைத் திட்டுவாள். அதெல்லாம் தப்பு. மந்தைவெளி ஸ்ரீ குபேர விலாஸ் அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் துணைவிதிகள்படி அவள் முதலில் செய்யவேண்டியது மூன்று பிரதிகளில் மனு எழுதுவது. இது தெரியாமல்தான் அன்புக்கரசி டீச்சர் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, தலையெல்லாம் சிமென்ட் தூளோடு மூன்றாம் மாடிக்கு ஏறிப் போனார்.

டீச்சரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாக மூன்றாம் வகுப்பு எடுக்கிறார். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். கணவர் கதிரேசன் பஸ் கண்டக்டர். காலமாகி எட்டு வருஷம். பிள்ளைகள் இல்லை. அவர் விட்டுப்போனது இந்த இரண்டாம் மாடி வீடும், படுக்கையறைச் சுவரில் மாட்டியிருந்த பெரிய படமும்தான். பாண்டி பஜார் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்து, பெரிதாக்கி, கையால் வண்ணம் தீட்டி வாங்கிய படம். அதில் அவருடைய மீசை இருந்தது. படிக்கட்டில் தொங்கும் பையன்கள் அந்த மீசையைப் பார்த்தே உள்ளே ஏறி வந்துவிடுவார்களாம். அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். படத்துக்கு இன்னொரு பிரதி கிடையாது.

மூன்று வாரமாகக் கூரையில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் காலையில் டீச்சர் எழுந்து பால் பொங்க வைத்த நேரத்தில், அவர் தலை வைத்திருந்த தலையணை மேலேயே ஒரு பாளம் வந்து விழுந்தது. பத்து நிமிஷம் முன்னால் விழுந்திருந்தால் இந்தக் கதையை நான் சொல்ல வேண்டியிருந்திருக்காது. ஓடிவந்து பார்த்த டீச்சர் தலையில் மிச்சத் தூள் கொட்டியது. பின்னாலேயே தண்ணீர் சுவரோடு இறங்கி, படத்தின் கண்ணாடிக்குள் புகுந்து, கதிரேசனின் இடது பக்க மீசையைக் கரைத்து மோவாய்க்குக் கொண்டுபோய்விட்டது.

மூன்றாம் மாடியில் ஜெயராம் கதவைத் திறந்தார். ஏதோ ஒரு பெரிய ஆபீஸில் 'துணை' என்று ஆரம்பிக்கும் பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். பதினொரு வருஷமாகச் சங்கத்தின் செயலாளர். போன மாதம்தான் குளியலறையை இடித்து, படுத்துக்கொண்டே குளிக்கிற தொட்டி ஒன்றைப் பதித்திருந்தார். அந்தக் கட்டடத்தில் அதற்கு முன் யாரும் படுத்துக்கொண்டு குளித்தது கிடையாது. டீச்சர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், இப்ப நான் ரெசிடென்ட். வீட்ல புகார் வாங்கற வழக்கம் இல்ல. செக்ரட்டரி சாயங்காலம் ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும் ஜெனரேட்டர் ரூம்ல இருப்பார்."

அந்தச் செக்ரட்டரி யார் சார் என்று டீச்சர் தெரியாமல் கேட்டுவிட்டார். நான்தான் என்றார் ஜெயராம்.

சாயங்காலம் போனால், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் பச்சைத் துணி விரித்த மேஜை, மேஜை மேல் மணி, மணிக்குப் பின்னால் அதே ஜெயராம், முழுக்கைச் சட்டையில். உட்காருங்கள், உங்கள் பெயர் என்ன என்று கேட்டார். பதினொரு வருஷமாக ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்கள் இருவரும். டீச்சர் பெயரைச் சொன்னார். மூன்று பிரதிகளில் மனுவும் எழுதிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை வாட்ச்மேன் வேலு ஒரு கடித நகலைக் கொண்டுவந்தான். ஒரு புகார் சம்பந்தமாக நடக்கும் எல்லாக் கடிதப் போக்குவரத்துக்கும் புகார்தாரருக்கு நகல் தர வேண்டும், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. ஜெயராம் விதியைத் தவறவிடாத மனிதர். செயலாளர் ஜெயராம், மூன்றாம் மாடி உரிமையாளர் திரு. ஜெயராம் அவர்களுக்கு எழுதியிருந்தார்: தங்கள் இல்லத்திலிருந்து நீர் கசிவதாகப் புகார் வந்துள்ளது, ஏழு நாட்களுக்குள் விளக்கம் தருக.

ஏழாம் நாள் உரிமையாளர் ஜெயராம் பதில் போட்டார். வேலைப்பளு காரணமாக அவகாசம் வேண்டும். செயலாளர், உரிமையாளரின் நீண்டகாலச் சேவையை மனதில் கொண்டு பதினைந்து நாள் கொடுத்தார். உரிமையாளர் நன்றி தெரிவித்தார். பதினைந்து நாள் கழிந்ததும் செயலாளர் கொஞ்சம் கடுமையாகவே நினைவூட்டினார். அந்தத் தொனி தமக்கு வருத்தம் அளிப்பதாக உரிமையாளர் எழுதினார். அதற்கு மேல் இருவருக்கும் மனஸ்தாபமாகி, இரண்டு கடிதங்கள் ரொம்ப மோசமாகப் போய்விட்டன.

"இன்னா டீச்சர் இது," என்றான் வேலு, ஒன்பதாவது நகலை நீட்டிக்கொண்டு. "ஒரே ஆளு ரெண்டு பேனா வெச்சிகினு எய்திகினு கீறாரு. செக்ரட்டரின்னா பச்ச இங்கி, வூட்டுக்காரருன்னா நீலம். கீய இருந்து மேல, மேல இருந்து கீய, என் முட்டி போச்சு."

இதற்குள் டீச்சர் கட்டிலை ஹாலுக்கு இழுத்துவிட்டார். பீரோ உள்ளே மாட்டிக்கொண்டது. காலையில் புடவை எடுக்கப் போகும்போது குடை பிடித்துக்கொண்டு போவார். மேலே ஜெயராம் படுத்துக் குளிக்கும் நேரம் காலை ஆறரை மணி என்பதும் சொட்டுச் சத்தத்திலேயே தெரிந்துபோயிற்று.

இரண்டு மாதம் போனபிறகு மூவர் ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. சங்கத் தலைவர் ராஜகோபாலன், செயலாளர் ஜெயராம், எதிர்த்தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற நியாயத்தில் உரிமையாளர் ஜெயராம். வந்தவர்கள் இரண்டு பேர். மூன்று பேர் கையெழுத்து விழுந்தது.

டீச்சர் தன் பங்குக்கு பிளம்பர் இனாயத்தை அழைத்து நிறுத்தியிருந்தார். தலைவர் ராஜகோபாலன் கூரையை ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார். எண்பது வயது, யார் மேலும் விரோதம் இல்லாதவர்.

"ஜலம்னா கீழதானேம்மா வரும். எங்காத்துலயும் குழாயைத் திறந்தா கீழதான் வர்றது" என்றார்.

தெருமுனையில் தோண்டுகிறார்கள், அந்த அதிர்வாக இருக்கலாம் என்றார் ஜெயராம். இனாயத்துக்குப் பொறுக்கவில்லை.

"தெரு கீய கீது சார், தண்ணி மேலேர்ந்து வருது. உங்க தொட்டிக்குப் போற பைப்பு ஜாயின்ட்டு வுட்டுகினு கீது. வா, மேல போயி ரெண்டு டைல்ஸு எடுத்துக் காட்டறேன்."

இவர் சங்க உறுப்பினரா என்று ஜெயராம் தலைவரிடம் கேட்டார். இல்லை என்று தெரிந்ததும், உறுப்பினர் அல்லாதவர் சொன்னது சொல்லப்பட்டதாக ஆகாது என்று குறித்துக்கொண்டார். பிறகு கதிரேசன் படத்துக்கு முன்னால் போய் நின்று, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதை முழு டேமேஜ்னு சொல்ல முடியாது மேடம். ஐம்பது பர்சென்ட் மீசை நல்ல கண்டிஷன்ல இருக்கு."

எழுதிக்கொண்டார். காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

அந்த நிமிஷம் வரைக்கும் டீச்சருக்கு வேண்டியிருந்தது கூரை. அந்த நிமிஷத்திலிருந்து அவருக்கு ஜெயராம் வேண்டியிருந்தது. இந்த ஆளைக் கோர்ட்டில் ஏற்ற வேண்டும். நாலு பேர் பார்க்க நிற்க வைத்து, என் தண்ணீர்தான், என் தப்புதான் என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் அன்றைக்கு யாரும் வாயைத் திறக்கவில்லை.

லஸ் முனையில் ஒரு மாடியில் வக்கீல் ஷகீலா ஆபீஸ் வைத்திருந்தாள். டீச்சரிடம் மூன்றாம் வகுப்பு படித்த பெண். டீச்சரைக் கண்டதும் எழுந்து நின்றவள், உட்கார் என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள்.

"கேஸ் தாராளமா போடலாம் மிஸ். ஆனா 'தண்ணி என்னோடது இல்ல'ன்னு அவர் ஒரு வார்த்தை சொன்னா போதும். இன்ஜினியர், ரிப்போர்ட், ஆட்சேபணைன்னு வருஷக்கணக்கா இழுக்கும். சங்கத்துல தீர்மானமா ஏத்தி, அதுல அவரே ஒப்புக்கிட்டு கையெழுத்துப் போட்டிருந்தா கதையே வேற."

இன்னொன்றும் சொன்னாள். கேஸ் போட்டால் நாளைக்கும் அதே படிக்கட்டுதான், அதே முகம்தான். ஒருமுறை நன்றாக யோசியுங்கள். டீச்சர் யோசித்தார். இதுவரை கோர்ட் வாசலை மிதித்ததில்லை. அக்கம்பக்கம் என்ன பேசும் என்றும் இருந்தது. கடைசியில், பொதுக்குழுவில் எழுந்து கேட்டுவிடலாம், நாலு பேர் நியாயம் சொல்லமாட்டார்களா என்று முடிவு பண்ணினார். அப்பாவி.

பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, கார் நிறுத்துமிடத்தில். வாசலில் பெரிய பதிவேடு விரித்து வைத்திருந்தது. வலது பக்கத்தில் 'தீர்மானங்களை ஏற்றுக் கையொப்பமிடுவோர்' என்று தலைப்பு, கீழே பன்னிரண்டு வரி. இடது பக்கம் வெள்ளை. வந்தவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நாற்காலிக்குப் போக வேண்டும். கையெழுத்துப் போட்டால்தான் போண்டா. பதினொரு வருஷமாக அப்படித்தான். டீச்சரும் போட்டார்.

கூட்டத்தில் ஜெயராம் பேசினார். "ஒரு சங்கத்துக்கு உயிர் எது? ரெஜிஸ்டர். ரெஜிஸ்டர்ல இருக்கறது நடந்தது. ரெஜிஸ்டர்ல இல்லாதது நடக்கல. நாளைக்கு நாம யாரும் இருக்கமாட்டோம், ரெஜிஸ்டர் இருக்கும்." எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு வாசல் பிள்ளையாருக்கு மஞ்சள் பல்பா வெள்ளை பல்பா என்பது ஒன்றரை மணி நேரம் விவாதிக்கப்பட்டது. டீச்சர் இரண்டு முறை எழுந்தார். இரண்டு முறையும் 'இதர விஷயங்கள்' கடைசியில் வரும் என்று உட்கார வைத்தார்கள். கடைசி வந்தபோது போண்டாவும் வந்துவிட்டது. யாரும் நாற்காலியில் இல்லை.

புதன்கிழமை நகல் வந்தது. தீர்மானம் எண் நான்கு: 'இரண்டாம் மாடி திருமதி அன்புக்கரசி அவர்கள் தாமே முன்வந்து, தமது இல்லத்துக் கசிவு இயற்கையின் செயல் என்பதை ஏற்று, புகாரை மகிழ்ச்சியுடன் திரும்பப் பெற்றார். செயலாளரின் அயராத முயற்சிக்கு நன்றி கூறினார். சபை கரவொலி எழுப்பியது.' எதிர்ப்பக்கத்தில் ஏழாவது வரியில் அவருடைய கையெழுத்து, முத்து முத்தாக.

சாயங்காலம் ஆறு மணிக்கு டீச்சர் ஜெனரேட்டர் ரூமில் நின்றார். நான் இப்படிச் சொல்லவே இல்லையே சார் என்றார். ரெஜிஸ்டரில் இருக்கிறதே மேடம் என்றார் ஜெயராம். நான் கையெழுத்துப் போடும்போது இடது பக்கம் வெறுமையாக இருந்ததே என்றார் டீச்சர்.

"வெறுமையாத்தான் இருக்கும். கூட்டம் முடியறதுக்கு முன்னாடி எப்படி மேடம் எழுத முடியும்?" ஜெயராம் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

ஷகீலா நகலைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "படிக்காம கையெழுத்துப் போட்டீங்களா மிஸ்? எங்கப்பா ரேங்க் கார்டைப் படிக்காம கையெழுத்துப் போட்டார்னு என்னை அரை நாள் வெளில நிக்க வெச்சீங்களே."

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, குடை பிடித்துக்கொண்டு, அரை மீசைக்கு முன்னால் போய் நின்றார். அடுத்த வீடு, அக்கம்பக்கம் என்று இருந்த தயக்கமெல்லாம் அங்கேயே போயிற்று. இரும்மா, அந்த ஆளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கதிரேசன் உயிரோடு இருந்தால் சொல்லியிருப்பார். இப்போது டீச்சர்தான் அவருக்கு அதைச் சொன்னார்.

சமயம் தானாகவே வந்தது. வழக்கமாகத் தீர்மானம் எழுதுகிற இணைச் செயலாளருக்குக் கண்புரை ஆபரேஷன். அடுத்த மாதப் பொதுக்குழுவுக்கு யார் எழுதுவது? ஜெயராம் இரண்டாம் மாடிக்கு இறங்கிவந்து, வாசலிலேயே நின்று, சங்கத்தில் பெண்களுக்கும் பிரதிநிதித்துவம் வேண்டும் என்பது தம்முடைய நெடுநாள் கனவு என்றார். பெண்களுக்குக் கையெழுத்து அழகாக இருக்கும், எதிர்த்துப் பேசாமல் எழுதுவார்கள், டீச்சர் எழுதித் தந்தால் பழைய கசப்பெல்லாம் மறைந்துவிடும் என்றும் சொன்னார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு சரிங்க சார் என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் டீச்சர் பதிவேட்டை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வழக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் மாற்றினார். இடது பக்கத்தைக் காலியாக விடவில்லை. கூட்டத்துக்கு முன்னாலேயே, கையெழுத்து விழுவதற்கு முன்னாலேயே, பெரிய எழுத்தில், கோணல் இல்லாமல், முழுக்க எழுதிவிட்டார். வார்த்தைகூட சொந்த வார்த்தை இல்லை. ஜெயராம் போன தடவை எழுதிய அதே வார்த்தைகள்தான், ஆள் மட்டும் மாறினார்.

ஞாயிறு காலை வாசலில் நின்றது டீச்சர். முதலில் வந்தது ஜெயராம்.

"படிச்சுட்டுப் போடுங்க சார்."

ஜெயராம் இடது பக்கத்தைப் பார்த்தார். "அடடா, முத்து முத்தா இருக்கு மேடம்" என்றார். அஜெண்டாவை எழுதியிருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ. பச்சைப் பேனாவைத் திறந்தார்.

"படிச்சுட்டுப் போடுங்க" என்றார் டீச்சர் மறுபடியும். மூன்றாம் வகுப்பிலும் மூன்று தடவை சொல்வது அவர் வழக்கம். "எல்லாத்தையும் படிச்சுட்டுப் போடுங்க சார்."

"கையெழுத்துக்கும் படிக்கறதுக்கும் என்ன மேடம் சம்பந்தம்? பதினொரு வருஷமா போடறேன், ஒரு நாள் படிச்சதில்ல. அந்த நம்பிக்கைதான் சங்கம்." போட்டார். செயலாளர் என்று பச்சையில் ஒரு வரி. பேனாவை மாற்றி, உரிமையாளர் என்று நீலத்தில் ஒரு வரி. பக்கத்தில் முத்திரையும் குத்தினார். ராஜகோபாலன் கண்ணாடி கொண்டுவரவில்லை. விரலால் தடவி இடம் கண்டுபிடித்துப் போட்டார். மற்றவர்கள் உள்ளேயிருந்து வந்த வடை வாசனையைப் பார்த்துக்கொண்டே போட்டார்கள்.

முதல் மாடி சாருலதா மட்டும் நின்றாள். இரண்டு வருஷம் முன்னால் அவளுடைய கார் நிறுத்துமிடத்தை ஜெயராம் எடுத்துக்கொண்டபோது, அவளும் புகாரை மகிழ்ச்சியுடன் திரும்பப் பெற்றிருந்தாள், பதிவேட்டில். இடது பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். உள்ளே மைக்கைத் தட்டிக்கொண்டிருந்த ஜெயராமைப் பார்த்தாள். குனிந்து தன் பெயரை நிதானமாக எழுதினாள்.

"பேனா நன்னா எழுதறது டீச்சர்" என்று சொல்லிவிட்டு வடை வாங்கப் போனாள்.

கூட்டம் முடியும்போது, தீர்மானத்தை வாசிக்கட்டுமா என்று டீச்சர் எழுந்து கேட்டார். கையெழுத்து ஆனபிறகு வாசிப்பது நேர விரயம் என்றார் ஜெயராம். சபை கரவொலி எழுப்பியது.

பத்து நாளில் வக்கீல் நோட்டீஸ் மூன்றாம் மாடிக்குப் போயிற்று, பதிவேட்டு நகலோடு. 'மூன்றாம் மாடி திரு. ஜெயராம் அவர்கள் தாமே முன்வந்து, தமது குளியல் தொட்டியின் குழாய் கசிந்தே இரண்டாம் மாடிக் கூரை விழுந்தது என்பதை ஏற்று, தமது தவறை மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொண்டார். திருமதி அன்புக்கரசி அவர்கள் அவர்மீது வழக்குத் தொடரச் சங்கம் ஒருமனதாக அனுமதிக்கிறது. இதற்காகச் செயலாளருக்கு நன்றி கூறப்பட்டது.'

ஜெயராம் இறங்கி வந்த வேகத்தில் ஒரு செருப்பு மாடிப்படியிலேயே நின்றுவிட்டது. நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு டீச்சர் கதவைத் திறந்தார்.

"நான் இப்படிச் சொல்லவே இல்லையே மேடம்."

"ரெஜிஸ்டர்ல இருக்கே சார்."

உள்ளே வரட்டுமா என்று கேட்டார். டீச்சர் வழி விட்டு, நேராகப் படுக்கையறைக்குக் கூட்டிப்போனார், குடை கொடுக்காமல். ஜெயராம் வழுக்கையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது, அவருடைய தண்ணீர்தான். நின்றபடியே கெஞ்சினார். இன்றைக்கே இனாயத்தை வரச் சொல்கிறேன், தொட்டியைப் பெயர்த்துவிடுகிறேன், கூரையைப் புதுசாகப் பூசித் தருகிறேன், கேஸ் மட்டும் வேண்டாம். இந்த வயசில் கோர்ட்டு, கூண்டு என்றால் வெளியே தலை காட்ட முடியாது.

நாலு மாதம் முன்னால் இதில் பாதியைச் சொல்லியிருந்தால் டீச்சர் காபி கொடுத்து அனுப்பியிருப்பார். இப்போதும் ஒரு நிமிஷம் மனசு இளகத்தான் செய்தது. அந்த ஒரு நிமிஷத்தில் சுவரைப் பார்த்தார்.

"பைப்பை ரிப்பேர் பண்ணுங்க சார். கூரையும் பூசுங்க. கேஸ் நடக்கும். படத்தையும் கோர்ட்டுக்கு எடுத்துட்டு வரேன், மிச்சம் ஐம்பது பர்சென்ட் எப்படி இருக்குன்னு ஜட்ஜு பார்க்கட்டும்."

"கொஞ்சம் யோசிங்க மேடம்..."

"வீட்ல நான் எதுவும் வாங்கறதில்ல சார். எழுதிக் குடுங்க. ஆறுலேர்ந்து ஏழு."

மறுநாள் காலையிலிருந்து மேலே இனாயத் தொட்டியை உடைக்கிற சத்தம் கேட்டது. டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, காபியோடு உட்கார்ந்து அதைக் கேட்டார். நெஞ்சு குளிர்ந்தது. வழக்கும் பதிவாகி, முதல் வாய்தாவுக்குத் தேதி வந்தது.

வெள்ளிக்கிழமை வேலு இரண்டு நகல்களோடு வந்தான். விதி விதிதான்; புகார்தாரருக்கு நகல் தந்தாக வேண்டும். முதலாவது நீலத்தில். கடந்த பொதுக்குழுத் தீர்மானம் தமக்குத் தெரியாமல் எழுதப்பட்டது, அதை உடனே ரத்து செய்ய வேண்டும் என்று உரிமையாளர் ஜெயராம் செயலாளருக்கு எழுதியிருந்தார். இரண்டாவது பச்சையில், செயலாளரின் பதில். பழைய மனஸ்தாபம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது.

'பதிவேட்டில் ஏறியதை மாற்ற விதிகளில் இடமில்லை. கையொப்பம் தங்களுடையதே என்பதைச் சரிபார்த்துவிட்டேன். படிக்காமல் கையொப்பமிட்டது தங்கள் தவறு. அதற்குச் சங்கம் பொறுப்பாகாது. இப்படிக்கு, ஜெயராம்.'

டீச்சர் இரண்டு கடிதத்தையும் முதல் வரியிலிருந்து முத்திரை வரைக்கும் படித்தார். திரும்பவும் ஒரு முறை படித்தார். ஷகீலாவுக்குப் போன் பண்ணி, இன்னும் ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது என்று சொன்னார். பிறகு வேலுவிடமிருந்து பேனாவை வாங்கி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டார்.